இரண்டு மடி, ஒரு பாறை

பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஒரே மாமன் இருக்கிற வீட்டில் இது எளிமையான காரியம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மடி தானாக அமைந்துவிடும். என் மனைவி திலகத்துக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். எங்கள் மகள் சாரதாவுக்கு ஒரு வயது நடந்தபோது, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொன்வேலை செய்யும் பத்தர் ஊசியை எடுத்துக்கொண்டு, "மாமன் உக்காருங்க" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

பெரிய மச்சான் ராதாகிருஷ்ணன் கம்போங் ராஜா ஊரில் காய்கறி லோரி வைத்திருக்கிறவர். அப்பா இறந்த பிறகு தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர். ஆகவே மடி அவருடையது. சின்ன மச்சான் வீரப்பன் திரிங்காப்பில் சாமந்தித் தோட்டம் போட்டிருக்கிறவர். சாரதா பிறந்த நாளிலிருந்து வாராவாரம் மலையேறி வந்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர். தோடு செய்யக் கொடுத்ததும் அவர்தான். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவருக்குப் பிள்ளை இல்லை. ஆகவே மடி அவருடையது. இரண்டு மடிகளும் அசையாமல் காத்திருந்தன. நல்ல நேரம் முடிந்தது. சாரதா பத்தரின் பெட்டிமேல் தலைவைத்துத் தூங்கிப்போனாள். அன்றைக்கு எழுந்து போன அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

காது குத்துவதை ஒற்றைப்படை வயதில்தான் செய்வார்கள். ஒன்று போனால் மூன்று, மூன்று போனால் ஐந்து. எழுபத்தெட்டாம் வருஷத் தீபாவளி நெருங்கியபோது சாரதாவுக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது.

"அஞ்சு வயசு வரைக்கும் என் பிள்ளை மூளிக் காதோட நிக்கணுமா?" என்றாள் திலகம். "இந்தத் தீபாவளிக்கு ரெண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழ உக்கார வைக்கிறேன். அதுக்கும் மசியலன்னா எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்லன்னு தலை முழுகிருவேன். நெசமாத்தாங்க சொல்றேன்."

அவள் சொன்னால் செய்வாள்.

எந்தக் கூரை என்பதுதான் சிக்கல். அண்ணன் தம்பி வீட்டு வாசலை மிதிக்கமாட்டார், தம்பி அண்ணன் வீட்டை மிதிக்கமாட்டார். தொழிலாளர் வரிசையில் எங்கள் லைன் வீட்டுக்கு ஒரே வாசல். முதலில் வந்தவரைப் பார்த்ததும் அடுத்தவர் திரும்பிப் போய்விடுவார். யாருக்கும் சொந்தமில்லாத வீடாக இருக்க வேண்டும், அதற்கு இரண்டு வாசலும் இருக்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் அப்படி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் நில அளவைக்காரர்கள் தங்குவதற்காகக் கட்டிய பலகை வீடு. மேட்டு பங்களா என்போம். சரிவில் மேலிருந்து கீழாக நீண்டு கிடக்கும். மேல் முனையில் ஓர் அறையும் அடுப்படியும், கீழ் முனையில் ஓர் அறையும் குளிக்கும் இடமும், நடுவில் கூடம். கூடத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கதவுகள்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியிடம் கேட்டேன். "ரொம்ப நாளா யாரும் போகாத வீடுலா அது. எடுத்துக்க," என்று சாவியைத் தூக்கிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் பெரிய மச்சான் தன் மனைவி ருக்குமணியோடு வலக்கதவுக்கு வெளியே வந்து நின்றார். சின்ன மச்சான் மனைவி வேலம்மாவோடு இடக்கதவுக்கு வெளியே நின்றார். நான் கூடத்தில் நின்று கையை அசைத்தேன். இருவரும் ஒரே சமயத்தில் காலெடுத்து உள்ளே வைத்தார்கள்.

வீடு "ம்" என்றது.

"பழைய பலகை," என்றேன்.

"மாப்ள, மேல் ரூம்பு எனக்கு," என்றார் பெரிய மச்சான். "மூத்தவன் மேலதான் இருக்கணும்."

"மச்சான், எனக்குக் கீழ் ரூம்பே போதும்னு அங்க சொல்லிருங்க," என்றார் சின்ன மச்சான், பக்கத்திலேயே நின்றுகொண்டு. நான் சொன்னேன். அந்த இரண்டு வருஷமும் அவர்களுக்குள் பேச்சு என் வழியாகத்தான் போய்வந்தது.

திலகம் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அது மெதுவாகக் கீழறைப் பக்கம் உருண்டது. பெரிய மச்சான் தன் பையைத் தூக்கிக்கொண்டு மேலறைக்குள் போனார். பழம் நின்றது. சற்று யோசித்ததுபோல இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர். உருளுகிற எதுவும் காரணமில்லாமல் திரும்பாது.

வெளியே போய் வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

மரத்தூண்கள்மேல் நிற்கும் வீடு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். வருஷக்கணக்கான மழை சரிவின் மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. கீழ்ப்பக்கத் தூண்களின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இடுப்பளவு வெற்றிடம். அந்தத் தூண்கள் வீட்டைத் தாங்கவில்லை. வீடுதான் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மேல்பக்கக் கட்டைகள் ஈரத்தில் உளுத்து, தொட்டால் தேயிலைத் தூள்போல உதிர்ந்தன. மொத்த வீடும் அடியில் இருந்த ஒரே ஒரு பாறைமேல் நின்றது. அந்தப் பாறையும் சரியாக நடுவில் இல்லை. மேலறைப் பக்கமாகத் தள்ளி இருந்தது.

இதை விளங்கிக்கொள்ளக் காய்கறிக் கடைச் சீனர்கள் வைத்திருக்கும் டாச்சிங் என்ற எடைக்கோலைப் பார்த்தால் போதும். ஒரு நீண்ட கோல். அதைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு ஒரு முனைக்குப் பக்கத்தில் இருக்கும். குட்டையான பக்கத்தில் முட்டைகோஸ் மூட்டை தொங்கும். நீளமான பக்கத்தில் ஒரு சின்னக் குண்டு தொங்கும். குண்டு சின்னதுதான், ஆனால் கயிற்றிலிருந்து தூரத்தில் இருப்பதால் மூட்டைக்குச் சமமாக நிற்கும். தூரம் கூடக் கூடக் குண்டின் பலமும் கூடும். மேட்டு பங்களா ஒரு டாச்சிங். பாறைதான் கயிறு. குட்டைப் பக்கத்தில் இரும்பு அடுப்பும், லோரி டயர் போன்ற உடம்புள்ள பெரிய மச்சானும். நெட்டைப் பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாயும், பூக்காம்பு மாதிரி இருக்கும் சின்ன மச்சானும், அவருக்கு ஈடுகட்டுவதுபோல நல்ல தாட்டியான வேலம்மாவும். ஒட்டி உலர்ந்த ருக்குமணி எந்தப் பக்கம் போனாலும் பெரிய வித்தியாசமில்லை என்று அப்போது நினைத்தேன்.

சண்டை நீடிக்கிறவரை வீடு நிற்கும். அவரவர் அறையில் அவரவர் உம்மென்று உட்கார்ந்திருந்தால் எந்த ஆபத்தும் இல்லை. சமாதானமாகி ஒருவர் மற்றவர் பக்கம் போனால்தான் வம்பு.

திலகத்தைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூட்டிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு குச்சியை விரல்மேல் வைத்தும் காட்டினேன்.

"விழுந்துருமா?" என்றாள்.

"விழாது. சாயும். தூண் தரையைத் தொட்டதும் நின்னுரும்."

"அப்பச் சரி. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டிருவாங்க. நீ கனம், நீதான் கனம்னு அதுல வேற ஒரு சண்டை வரும். காது குத்துற வரைக்கும் நீங்க வீட்டைப் பிடிச்சுக்குங்க."

வீட்டைப் பிடித்துக்கொள்வது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தூண்களுக்கு அடியில் கற்களை அடுக்கிப் பார்த்தேன். மழையில் ஊறிய மண் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டது. பலகைக்கும் ஆளுக்கும் வழியில்லை, தோட்டம் முழுக்க லீவு. ஆகவே என் உடம்பைத்தான் குண்டாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பெரிய மச்சான் கூடத்துக்கு வந்தால் நான் அடுப்படிக்குப் போனேன். வேலம்மா முறுக்கு டின்னோடு மேலே வந்தால் நான் கீழே போய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லையா? குளிக்கிற எடத்துக்கே போய்க்கிட்டு இருக்காரு," என்று வேலம்மா திலகத்திடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"அவரு எப்பவும் அப்படித்தான்," என்றாள் திலகம்.

வீடு லேசாக அசையும்போதெல்லாம் கூடத்துக் கதவுகள் தாமாகவே அடித்துச் சாத்திக்கொண்டன. பெரிய மச்சானின் முகத்துக்கு நேராக ஒரு கதவு படாரென்று மூடியது.

"பாத்தியா மாப்ள? என்னைப் பாத்ததும் கதவை அறையிறான்."

"அவரு அங்க ரூம்புக்குள்ள படுத்திருக்காரு மச்சான்."

"படுத்துக்கிட்டே அறையிறான்!"

மறுநாள் விடியற்காலை எண்ணெய்க் குளியல். குளிக்கும் இடம் நெட்டைப் பக்கத்தின் கடைசி முனையில் இருந்தது. பெரிய மச்சான் துண்டைக் கட்டிக்கொண்டு அங்கே போனால் டாச்சிங்கின் மூட்டையைக் கழற்றிக் குண்டு இருக்கும் முனையில் மாட்டியதுபோல ஆகும். நான் வழியை மறித்தேன்.

"மச்சான், நீங்க வெளிய குளிங்க. ஆகாயத்துக்குக் கீழ குளிச்சாத்தான் கங்கா ஸ்நானம்."

"ஒரே குளிருலா, மாப்ள!"

"மூத்தவங்களுக்கு அதுதான் முறை."

மூத்தவர் என்ற சொல்லுக்கு அவர் எப்போதும் கட்டுப்படுவார். பனி இறங்கிக்கொண்டிருந்த தேயிலைச் சரிவில், தலையில் நல்லெண்ணெய் வழிய, பல் தந்தியடிக்க நின்றார். நான் பீப்பாய்த் தண்ணீரைக் காய்ச்சி வாளிவாளியாகச் சுமந்து ஊற்றினேன். ஒவ்வொரு வாளிக்கும் பீப்பாயின் கனம் குறைந்து கீழ்முனை மேலெழுந்ததால், ஓடையிலிருந்து அதே அளவு தண்ணீரைக் கொண்டுவந்து திரும்ப நிரப்பவும் வேண்டியிருந்தது. என் புதுச் சட்டை எட்டு மணிக்குள் பழையதாகிவிட்டது.

தீபாவளி போய், காரியம் செய்ய ஆகாத பிரதமையும் போய், அடுத்த நாள் காலை இருளப்பன் பத்தர் தானா ராத்தாவிலிருந்து பஸ்ஸில் வந்து, மிச்சத் தூரத்தை நடந்து ஏறி வந்துசேர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் கோயிலில் காத்திருந்து பார்த்த அதே பத்தர்.

"இந்தத் தடவையாவது மாமன் யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

திலகம் கூடத்தில் நின்றாள். அண்ணன் ஒரு கதவடியிலும் தம்பி மறு கதவடியிலும் நின்றார்கள்.

"தாய்மாமன் மடின்னுதான் சொல்லியிருக்காங்க," என்றாள். "ஒரு மடின்னு யாரும் சொல்லல. அண்ணன் தொடை ஒண்ணு, தம்பி தொடை ஒண்ணு. ரெண்டும் ஒட்டியிருக்கணும். பிள்ளை அதுமேல உக்காருவா. முடியாதுன்னா இப்பவே இறங்கிப் போயிருங்க. சாரதாவுக்கு மாமனே இல்லன்னு நெனச்சுக்குறேன். பத்தரு பெட்டிமேல உக்கார வச்சுக் குத்திக்கிறேன்."

அவள் குரல் கடைசியில் உடைந்தது. சாரதா பட்டுப் பாவாடையில் நின்று ஒரு மாமனையும் இன்னொரு மாமனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மாப்ள," என்றார் பெரிய மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு மறுப்பில்லைன்னு சொல்லு."

"மச்சான்," என்றார் சின்ன மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் இல்லன்னு சொல்லிருங்க."

திலகம் முதல்நாளே தரையை மெழுகுவத்தி தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தாள். கோலம் எங்கே போட வேண்டும் என்று நான்தான் காட்டியிருந்தேன். பாறைக்கு நேர் மேலே. அங்கே எத்தனை பேர் உட்கார்ந்தாலும் வீட்டுக்குத் தெரியாது; டாச்சிங் கோலில் கயிறு கட்டிய இடத்திலேயே மூட்டையை மாட்டினால் கோல் எந்தப் பக்கமும் சாயாது அல்லவா, அதுபோல. ஆனால் அந்த இடம் கூடத்தின் நடுவில் இல்லை. மேலறை வாசலை ஒட்டி, சுவரோரமாக இருந்தது.

"அது அவங்க ரூம்பு வாசல்லா," என்றார் சின்ன மச்சான். "நடுவுல போட்டா என்ன?"

"நடுவுல உத்தரம் ஓடுது," என்று திலகம் சட்டென்று சொன்னாள். "பிள்ளை தலைக்கு மேல உத்தரம் ஆகாது."

கோலத்தின்மேல் கோரைப் பாய் விரித்தோம். இருவரும் உட்கார்ந்தார்கள். முகங்கள் எதிரெதிர்த் திசையில் இருந்தன, தொடைகள் மட்டும் ஒட்டியிருந்தன. வேலம்மாவைக் கீழறைக் கோடியில், பலகாரத் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நிறுத்தினேன். ருக்குமணியை அடுப்படியில் பாயசத்தைக் கிண்ட வைத்தேன். நானும் அடுப்படிக் கோடியில், கனம் குறையாமல் நின்றுகொண்டேன். வாசல் வழியாகப் பார்க்க முடிந்தது. திலகம் சாரதாவைத் தூக்கி இரண்டு தொடைகளின் சந்திப்பில் உட்காரவைத்தாள். பத்தர் எதிரே உட்கார்ந்து ஊசியை எடுத்தார். எலுமிச்சம்பழம் அசையாமல் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு வீடு நின்று நான் பார்த்ததில்லை.

பத்தர் வலக்காதில் குத்தினார்.

சாரதா கத்தினாள். அதை அழுகை என்று சொல்ல முடியாது. ஃபேக்டரிச் சங்குக்கு அந்தச் சத்தம் வராது. "ஐயோ, எங் கண்ணு!" என்று ருக்குமணி கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடினாள். கனத்தைக் காப்பதற்காகவே நிறுத்தப்பட்டிருந்த நான், நகரக்கூடாது என்று தெரிந்த ஒரே ஆள், நானும் ஓடினேன். கத்தியது என் மகள்.

குட்டைப் பக்கம் காலியானது. வேலம்மா நெட்டைப் பக்கத்தின் கோடியில் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

வீடு பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. கீழறை மெதுவாக இறங்கியது. தூண்கள் தரையைத் தொட்டதும் ஒரு குலுங்கல். அவ்வளவுதான், நான் சொன்னதுபோலவே விழவில்லை. ஆனால் மெழுகு பூசிய பலகைமேல் கோரைப் பாய் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. இரண்டு மாமன்மாரும், போட்ட சம்மணம் கலையாமல், மடியில் பிள்ளையோடு, கோயில் தேர்போல நிதானமாக நகரத் தொடங்கினார்கள். கூடத்தைக் கடந்தார்கள். இருளப்பன் பத்தர் ஊசியை உயரத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்த நிலையிலேயே பின்தொடர்ந்தார். சாரதா கத்துவதை நிறுத்திவிட்டு, "மாமா, லோரி!" என்றாள்.

பாய் கீழறைக்குள் நுழைந்து, வேலம்மாவைச் சுற்றிக்கொண்டு போய் மூலையில் நின்றது. சின்ன மச்சான் சுவரோடு ஒட்டிக்கொண்டார், பெரிய மச்சான் அவரோடு ஒட்டிக்கொண்டார். நடுவில் சாரதா. அதிரசங்கள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்து அவர்கள் காலடியில் சேர்ந்தன.

பிறகு என் வழியாகப் போகாத ஒரு குரல் கேட்டது.

"டேய், முழங்கால எடுடா. விலாவுல குத்துது."

"நீ எந்திரிண்ணே. நீ எந்திரிச்சாத்தான என் காலு வரும்."

"எப்படிடா எந்திரிக்கிறது? வீடே சாஞ்சு கெடக்கு!"

"ஒங் கனத்துக்குச் சாயாம என்ன செய்யும்?"

"நான் மேல் ரூம்புலதானடா இருந்தேன்!"

"அசையாதீங்க," என்றார் இருளப்பன் பத்தர். அவர் பாயின் ஓரத்தைப் பிடித்து நிதானப்படுத்திக்கொண்டிருந்தார். "நேரம் இன்னும் இருக்கு. பிள்ளை நல்ல தோதா உக்காந்திருக்கா. ஒருத்தரும் மூச்சு விடாதீங்க."

இடக்காதையும் குத்தினார். சாரதா மறுபடி கத்தினாள். இந்த முறை யாரும் ஓடவில்லை, ஓடினாலும் வீடு இனிச் சாய இடமில்லை. இரண்டு காதிலும் தோட்டை மாட்டித் திருகாணியை முடுக்கினார். எந்தத் தொடை யாருடையது என்று அந்த மூலையில் எவராலும் சொல்லியிருக்க முடியாது. திலகம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி தோள் குலுங்க நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டும்தான்.

ஒருவர் நகராமல் மற்றவரால் எழ முடியாததால், அவர்களைப் பிரித்தெடுக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. வீடு இனி எந்தப் பக்கமும் நகராது, தூண்கள் நன்றாக மண்ணில் பதிந்துவிட்டன என்று எல்லாருக்கும் விளக்கினேன். டாச்சிங்கில் தொடங்கினேன்.

"மாப்ள, மொதல்ல சோத்தைப் போடச் சொல்லு. டாச்சிங் அப்புறம்," என்றார் பெரிய மச்சான்.

சாய்ந்த கூடத்தில் சரிவின்படியே வரிசையாக இலை போட்டோம். பெரிய மச்சான் மூத்தவர் என்பதால் மேட்டில். அவருக்கு அடுத்துச் சின்ன மச்சான். நடுவே சாரதா, காதுகளைத் தொடவிடாமல் ஒவ்வொரு மாமனும் ஒவ்வொரு கையைப் பிடித்திருந்தார். ஆகவே இருவரும் மாறிமாறி அவளுக்கு ஊட்டினார்கள். திலகம் ரசம் ஊற்றினாள். மேட்டிலிருந்த இலையில் அது ஒரு கணம்கூட நிற்காமல், சாரதாவின் இலையைத் தொட்டுக்கொண்டு கீழே ஓடியது.

சின்ன மச்சான் சோற்றால் அணை கட்டிப் பார்த்தார். அணை உடைந்தது.

"அண்ணே, ஒன் ரசமெல்லாம் என் இலைக்கு வருது."

"வந்தா குடிடா," என்றார் பெரிய மச்சான். "திலகம், எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து."